கட்டிப் போட்டாங்க

…கயிறு என்று அவள் சொல்லவே இல்லை. கயிறு என் வாயிலிருந்துதான் வந்தது, எப்படி வந்தது, பதினோரு வருடமாக இந்தக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக நிற்கிறேன், ஒருவர் சொன்னதை வாங்கி இன்னொருவர் கையில் கொடுப்பதுதான் வேலை, கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, காலையில்கூட வலது கையை உயர்த்தி அப்படித்தான் உறுதிமொழி எடுத்தேன், எடுத்த வாயில் ஈரம் காய்வதற்குள்… மணி ஒன்று ஐந்து. இரண்டு மணிக்கு மறுபடி கூடும். எங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் நான் மட்டும் இருக்கிறேன், ஜன்னல் கிடையாது, மூன்று நாற்காலிகள், ஒன்றுக்கு முதுகு இல்லை, மூலையில் தண்ணீர் இயந்திரம், அது நிமிடத்துக்கு ஒரு தரம் வயிறு சரியில்லாதவனைப் போலச் சத்தம் போடும், டிபன் டப்பாவைத் திறந்தேன், பார்த்தேன், மூடிவிட்டேன். சாட்சி சொல்ல நின்ற அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான், "அவங்க என்னைக் கட்டிப் போட்டுட்டாங்கக்கா. எங்கயும் போக முடியல." இதை நான் கோர்ட்டின் மொழியில் எப்படிச் சொன்னேன், "அவர் என்னைக் கயிற்றால் கட்டிவைத்தார், என்னால் நகர முடியவில்லை." ஒரே மூச்சில், தடுமாறாமல். டைப்பிஸ்ட் நிமிராமல் அடித்தார், நீதிபதியின் பேனா ஓடியது… ஆமாம், அந்தப் பேனா. அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் அது எழுதவே இல்லை. வேலை பார்த்த வீட்டு மேடத்தைப் பற்றி அவள் என்னென்னவோ சொன்னாள், மேடம் அன்பாத்தான் இருப்பாங்க, மேடம் அழுவாங்க, நான் கடைக்குப் போனா திரும்பி வர்ற வரைக்கும் ஜன்னல்கிட்டயே நிப்பாங்க, சாப்பிடாம காத்திருப்பாங்க, உன்னோட பேப்பர் எல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு, நீ ஏன் கவலைப்படுறன்னு கேப்பாங்க… ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன், பேனா மேசைமேல் படுத்தே கிடந்தது. அவளுடைய வக்கீல் சின்ன வயதுப் பெண், எங்கள் மொழியில் ஒரு எழுத்து தெரியாது, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், எழுதுகிற மாதிரி ஏதாவது கொடு என்று கெஞ்சுவது போல. அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. பேனாவுக்கு ஒரு பொருள் வேண்டியிருந்தது, நான் கயிற்றைக் கொடுத்தேன். இரக்கத்திலா? இரக்கம் என்று சொன்னால் மற்றவர்கள் நம்புவார்கள், நான் நம்புவேனா?

எதிர்த்தரப்பு வக்கீல் அவசரப்படவே இல்லை, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார், எந்தக் கயிறு என்று கேட்டார். நைலான் கயிறா, துணி உலர்த்துகிற கொடியா, எந்தக் கையை முதலில் கட்டினார்கள்? நான் அதை அவளுக்குச் சொல்லியாக வேண்டும், சொன்னேன், "எந்தக் கயிறுன்னு கேக்குறாங்க." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், "கயிறா?" என்றாள், அதையும் நான் சொல்லியாக வேண்டும், சொன்னேன், நானே என் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது போல. வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், அங்கே நர்ஸிடம் நான் வீட்டுக்குத் திரும்பிப் போகல என்று சொன்னாளே, அன்றைக்கு டாக்டர் பரிசோதித்து எழுதிய காகிதம். இரண்டு மணிக்கட்டிலும் காயம் இல்லை, தழும்பு இல்லை, வீக்கம் இல்லை. ஆக, இது புனைந்து சொன்ன கதை என்றார் அவர். நான் அவளிடம் குனிந்து, "கட்டுக்கதைன்னு சொல்றாங்க" என்றேன், அந்த வார்த்தைக்குள்ளும் ஒரு கட்டு உட்கார்ந்திருப்பது அப்போதுதான் காதில் உறைத்தது. பொய்ச் சாட்சி என்று முடிவானால் வழக்கு அவள்மேலேயே திரும்பும், பிறகு இந்த நாட்டில் அவளை வைத்திருக்க மாட்டார்கள், விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், ஏற்றும் வரை மேடம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றுகூடச் சொல்லலாம், நல்ல மனுஷியாயிற்றே. இருபத்து நாலு வயது அவளுக்கு. அந்த வீட்டோடு இருந்து வேலை பார்த்தது இரண்டு வருடம் ஏழு மாதம். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு தொடரலாம் என்றார், எல்லோரும் எழுந்தார்கள், அவள் மட்டும் யாராவது போகச் சொல்லட்டும் என்று நின்றாள்.

கட்டிப் போடுவது. நாயைக் கட்டிப் போடுவோம். இந்த வீடும் பிள்ளையும் என்னைக் கட்டிப் போட்டிருச்சு என்று என் அம்மா சொல்வாள், அவள் கையில் ஒரு நாளும் கயிற்றைப் பார்த்ததில்லை. எங்கள் மொழியில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வீடு கட்டலாம், மூட்டை கட்டலாம், பெண்ணைக் கட்டிக் கொடுக்கலாம், அழுகிற குழந்தையைக் கட்டிக்கொள்ளலாம், போகாதே என்று கட்டுப்படுத்தலாம், போயே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம், போகாதேக்கும் போயே ஆகணும்க்கும் ஒரே கயிறு… பார், மறுபடி கயிறு. கோர்ட்டின் மொழி அப்படி இல்லை, சமையலறை அலமாரி மாதிரி, கயிற்றால் கட்டினால் ஒரு சொல், பூட்டி வைத்தால் வேறு சொல், மிரட்டிச் செய்யவைத்தால் ஒன்று, சட்டம் போட்டுத் தடுத்தால் இன்னொன்று, எல்லாம் தனித்தனி டப்பாவில், மூடி போட்டு, மேலே பெயர் எழுதி. அவள் சொன்னதற்கு எந்த டப்பா? ஜன்னல் பக்கம் சாப்பிடாமல் காத்திருப்பதற்கு எந்த டப்பா? நான் தேடவே இல்லை, அதுதான் தப்பு, கைக்கு முதலில் எட்டியதை எடுத்தேன்.

எழுந்து சொல்லிவிடலாம். மாண்புமிகு நீதிபதி அவர்களே, ஒரு திருத்தம் இருக்கிறது. அவ்வளவுதானே, எட்டு விநாடி. ஆனால் எனக்கு ஏற்கனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாட்சி, "மாமா அடிச்சாரு" என்றாள், நான் அம்மாவின் தம்பி என்று சொல்லிவிட்டேன், அவள் மாமா மாமா என்றது கட்டிக்கொண்ட புருஷனை, அது தெரிய இரண்டு நாள் ஆயிற்று, அதற்குள் ஒரு அப்பாவித் தாய்மாமனை, காது கேட்காத மனிதர், விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், அவர் எது கேட்டாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கடிதம் வந்த அன்று சிரிக்கவில்லை. இன்னொரு முறை நேர்ந்தால் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும். பெயரை எடுப்பதோடு நிற்குமா, பதினோரு வருடத்துக் கேஸ் கட்டுகளையும் பிரிப்பார்களே, எந்த வார்த்தையை எங்கே மாற்றினாள் என்று பார்ப்பார்களே, நான் சொன்னதை நம்பி உள்ளே போனவர்கள் எத்தனை பேர், நான் சொன்னதை நம்பி வெளியே விட்டவர்கள்… சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. எனக்கு ஒன்றும் ஆகாது. டைப்பிஸ்ட் அடித்தது அடித்தபடி இருக்கும்.

ஒன்று இருபதுக்குப் போன் வந்தது. என் கணவர்தான், தினமும் அந்த நேரத்துக்கு வரும், ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகாது.

"சாப்பிட்டியா?"

"ம்."

"குரல் ஒரு மாதிரி இருக்கே."

"ஒரு வார்த்தையைத் தப்பா சொல்லிட்டேன். எழுந்து சொல்லித் திருத்திடலாமான்னு பாக்குறேன்."

யோசிக்கும்போது அவர் பேசவே மாட்டார், அந்த நேரத்தில் நான் என் மனதை இரண்டு தரம் மாற்றிக்கொண்டுவிடுவேன்.

"உன் இஷ்டம். நான் எதுக்காவது குறுக்க நின்னிருக்கேனா? அப்புறம் தூக்கம் வரலன்னு உக்காந்திருக்கப் போறது நீதான். அதையும் யோசிச்சுக்கோ. எத்தனை மணிக்கு வருவ?"

"அஞ்சரை."

"சரி. ஆறாச்சுன்னா எனக்கு நெஞ்சு படபடங்கும், உனக்கே தெரியும்."

தெரியும். நல்ல மனிதர், குரலை உயர்த்தியதில்லை, கையை ஓங்கியதில்லை, அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள், நானே சொல்வேன். தங்கை வீடு இரண்டு பஸ் தூரம். போகட்டுமா என்று கேட்டால், தாராளமாப் போயிட்டு வா, நான் ரெண்டு ரொட்டியைத் தின்னுட்டுப் படுத்துக்கிறேன் என்பார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார், திரும்பி வந்தால் அந்த ரொட்டிகூடத் தின்னாமல் தட்டில் இருக்கும், வயிறு சரியில்லை என்பார், நான்கு நாளைக்கு வீட்டில் கரண்டி விழுந்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஒரு தரம் அப்படி, இரண்டாம் தரம் அப்படி, மூன்றாம் தரம் நான் கேட்க மறந்துவிட்டேன். மறந்துவிட்டேனா? தங்கையின் சின்னவனுக்கு மூன்று வயதாகிறது, நான் அவனைப் போனில்தான் பார்த்திருக்கிறேன். ஏன் வரமாட்டேங்குற என்று அவள் கேட்டால் கோர்ட் வேலை கழுத்தை நெரிக்குது என்பேன்… இப்போது எதற்கு இதெல்லாம். மணி ஒன்றரை.

கழிவறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் எனக்குப் பின்னால் அவள் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை, ஓசையில்லாமல் நிற்கப் பழகியிருக்கிறாள். "அக்கா, ஏன் கயிறுன்னு கேட்டாங்க? நான் அப்படிச் சொல்லலியே. நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா?" தப்பு தன்னுடையது என்றே நினைக்கிறாள். இடைவேளையில் சாட்சியோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது, விதி, அதற்கும் கடிதம் உண்டு. "இங்க பேசக் கூடாதும்மா" என்றேன். "சரிக்கா" என்றாள், ஏன் என்று கேட்கவில்லை, அந்த நிமிடமே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், நான் ஈரக் கையோடு வெளியே போகும் வரை திரும்பவில்லை. அவ்வளவு சுலபமா? நான் அதட்டவில்லை, முறைக்கவில்லை, ஒரு வாக்கியம்தான் சொன்னேன், ஒரு ஆளைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். என் கையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

தாழ்வாரத்தில் அந்த மேடம் இருந்தார், அவர்மேல்தான் வழக்கு. அறுபது வயது இருக்கும், வெளிறிய ஸ்வெட்டர், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பிடித்த டீச்சர் மாதிரி ஒரு முகம். நான் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன், அவர் எழுந்துவிட்டார், வயதானவர் எழுந்த பிறகு எப்படித் தாண்டுவது. எங்கள் மொழிதான் பேசினார், மெதுவாக.

"சாப்பிட்டீங்களாம்மா? காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு." பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து நீட்டினார், வேண்டாம் என்றேன், வேண்டாம் என்று சொல்லி முடிக்கும்போது அது என் கையில் இருந்தது. "எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. நீங்க காதுல விழுந்ததைச் சொன்னீங்க. இனிமே போய் அதை மாத்திச் சொன்னா உங்க பேருதான் கெடும். அதை நெனச்சாத்தான் எனக்கு மனசு ஆறல. இத்தனை வருஷமாப் பாடுபட்டுச் சேத்த பேரு."

அப்போதுதான் புரிந்தது, இவருக்குத் தெரியும். அவள் வாயைத் திறந்து சொன்ன அந்த விநாடியே தெரியும், கயிறு இல்லை என்று, அவள் சொன்னது என்ன என்று, அந்த மண்டபத்தில் அதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் இவர்தான், முன்வரிசையில் கையைக் கோத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். நடிப்பு என்றால் பரவாயில்லை. கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே கலங்கியிருந்தது, என் பெயர் கெட்டுவிடுமே என்று நிஜமாகவே கவலைப்பட்டார். என் தோளில் இல்லாத ஒரு நூலைத் தட்டிவிட்டார். நான், "சரிங்க" என்றேன். எதற்குச் சரிங்க? என்ன சொன்னார் அவர், சாப்பிடு என்றார், கவலையாக இருக்கிறது என்றார், இதில் நான் ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது, ஆனால் சொல்லிவிட்டேன், "சரிங்க", இரண்டு வருடம் ஏழு மாதம் அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்… தூக்கிப் போடவும் முடியாமல், உரிக்கவும் முடியாமல் அந்தப் பழத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே போனேன்.

இரண்டு மணி. எல்லோரும் உட்கார்ந்தார்கள், நானும் அவளும் நின்றோம். இப்போது சொல்ல வேண்டும், இப்போது இல்லாவிட்டால் அந்த வக்கீல் எழுந்துவிடுவார், அவர் எழுகிறார், நாற்காலி பின்னால் நகர்கிறது, ஆறு மணி ஆனால் நெஞ்சு படபடக்கும், பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும், சரிக்கா என்று சுவரைப் பார்த்தவள்… கையை உயர்த்திவிட்டேன். தைரியம் எல்லாம் இல்லை, பயம்தான் தூக்கிவிட்டது, எந்தப் பயம் எந்தப் பயத்தை ஜெயித்தது என்று தெரியவில்லை. காலையில் நான் சொன்னதில் பிழை இருக்கிறது என்றேன். சாட்சி கயிறு என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு எங்கள் மொழியில் வேறு பொருளும் உண்டு. நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார், நீளமாக, அதை நான் அவளுக்குச் சுருக்கமாகச் சொன்னேன், "வேண்டாம்னு சொல்றாங்க." நீதிபதி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். இடைவேளையில் யாராவது என்னோடு பேசினார்களா, இப்படித் திருத்தச் சொல்லி யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். அவர் சொன்ன அந்தச் சொல் எனக்குத் தெரியும், அந்த டப்பா தெரியும், அதற்குள் ஒரு முஷ்டி இருக்கும், ஒரு மிரட்டல் இருக்கும். சாட்சி ஒரு கேள்வி கேட்டார், நான் பதில் சொல்லவில்லை என்றேன். வேறு யாராவது? முன்வரிசையில் மேடம் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், பரவாயில்லை சொல்லு என்பது போல. என்ன சொல்வது, பழம் கொடுத்தார் என்றா, என் பெயரை நினைத்துக் கண் கலங்கினார் என்றா? யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றேன். எந்த அகராதியை எடுத்துப் பார்த்தாலும் அது உண்மைதான்.

கயிறு பதிவிலிருந்து நீக்கப்பட்டது. என்னைப் பற்றிய குறிப்பு பதிவாளருக்குப் போகும் என்று நீதிபதி சொன்னார், குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் தேவலை. பிறகு அவளைக் கேட்கத் தொடங்கினார். கதவு பூட்டியிருந்ததா? "இல்ல." போன் இருந்ததா? "இருந்துச்சு." யாராவது அடித்தார்களா? "சேச்சே, இல்ல." போகக் கூடாது என்று யாராவது சொன்னார்களா? அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒரு நாளும் சொன்னதில்ல." இல்லை, இருந்தது, இல்லை, சொன்னதில்லை என்று நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன், நானே அவளைப் படிப்படியாகக் கீழே இறக்குவது போல இருந்தது, பேனா மறுபடி மேசையில் படுத்துவிட்டது, அவளுடைய வக்கீல் நெற்றியைத் தடவிக்கொண்டாள். நீதிபதி கடைசியாகக் கேட்டார், அப்படியென்றால் ஏன் போகவில்லை?

"அப்புறம் ஏன் போகலன்னு கேக்குறாங்க" என்றேன்.

டைப்பிஸ்டின் விரல்கள் மிதந்தபடி காத்திருந்தன. கதவு திறந்திருக்கிறது, போன் இருக்கிறது, இரண்டு பஸ், யாரும் குறுக்கே நிற்கவில்லை, ஏன் போகவில்லை, சொல்லு, ஏதாவது சொல்லு, இத்தனை பேர் பார்க்கிறார்கள், வழி இருந்தும் போகாதவளைப் பார்த்து எல்லோருக்கும் சிரிப்பு வரும், சொல்லு… "கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். விட்டபிறகு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க முடியாது. அதனால் கேட்பதை நிறுத்திவிட்டேன்." கோர்ட்டின் மொழியில், தெளிவாக, வழக்கமாக நான் சாட்சிக்காக 'நான்' என்று சொல்கிற அதே குரலில். டைப்பிஸ்ட் அடித்தார். நீதிபதியின் பேனா எழுந்தது, ஒரு வரி முழுவதும் ஓடியது, அடுத்த வரிக்கும் இறங்கியது. அவளுடைய வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன்வரிசையில் மேடத்தின் கோத்திருந்த கைகள் பிரிந்தன.

அவள் என் புடவைத் தலைப்பை லேசாகத் தொட்டாள். "அக்கா, என்ன சொன்னீங்க? நான் இன்னும் வாயே தெறக்கலியே."

எழுதுவதை நிறுத்தாமலே நீதிபதி என் பக்கம் திரும்பி, சாட்சி இப்போது என்ன சொல்கிறார் என்று கேட்டார்.